கூட யார் வந்திருக்கீங்க?

அரசு மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்தால், "என்ன செய்யுது?" என்ற கேள்வி காஷுவல்டியிலேயே முடிந்துவிடுகிறது. வார்டுக்குள் போனதும் முதலில் கேட்பது, "கூட யார் வந்திருக்கீங்க?"

போன ஐப்பசி அடைமழையில் பெரியம்மாவைத் தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பெரியம்மாவுக்கு வயது 71. இருபது வருடச் சர்க்கரை, அதன்மேல் நெஞ்சில் சளி கட்டி மூச்சுத்திணறல். ஸ்ட்ரெச்சரோடு பெண்கள் மருத்துவ வார்டுக்குள் நுழைந்தபோது, நர்ஸ் கேஸ் ஷீட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "நைட்டும் இருப்பீங்கல்லக்கா?" என்றார். இருப்பேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்து போனது. அது ஏன் என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் விளங்கியது.

ஒன்பது இரவு அங்கே இருந்தேன். இரவு நான், பகலில் அம்மா. என் அம்மா அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். 1980இல் சேர்ந்து 2014இல் ஓய்வு பெற்றாள். இந்தக் கட்டுரையில் விவரமாக ஏதாவது இருந்தால் அதில் பாதி அவள் சொன்னது.

வார்டில் கட்டில் 40. முதல் நாள் இரவு தூக்கம் வராமல் தலைகளை எண்ணினேன். 67 பேர். காய்ச்சல் காலம் வேறு. 40 பேர் கட்டிலில், மீதி 27 பேர் தரையில். கட்டில்களுக்கு நடுவே, ஜன்னலுக்குக் கீழே, வராந்தாவில் செருப்புகளை ஒதுக்கிவிட்டு என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பாய். தரையில் படுத்திருந்தவர்களுக்கும் கேஸ் ஷீட் உண்டு, ஊசி உண்டு, டிரிப்ஸ் உண்டு. டிரிப்ஸ் பாட்டில் மட்டும் ஜன்னல் கம்பியில் துணிக்கயிறு கட்டித் தொங்கும். இந்த 67 பேருக்கும் இரவில் ஒரு நர்ஸ், இரண்டு வார்டுக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு ஆயாம்மா.

மூன்றாம் நாள் இரவு பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டேன். யாரோ கூப்பிட்டார்கள். "ஏ தாயி, எந்தி. உங்காளு கை வீங்கிப்போய்க் கிடக்கு பாரு." பக்கத்துக் கட்டில் ஆச்சி.

எழுந்து பார்த்தேன். பெரியம்மாவின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உப்பி, தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு நின்றது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகி, மருந்து தசைக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டிலில் முக்கால்வாசி காலி. பெரியம்மா மயக்கத்தில் லேசாக முனகினாள், அவ்வளவுதான். நான் நர்ஸைத் தேடி ஓடினேன். அவர் வார்டின் மறுகோடியில், வலிப்பு வந்த ஒரு பெண்ணை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வாயிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டிரிப்ஸ நிறுத்துங்கக்கா, அந்த டியூப்ல ஒரு சக்கரம் இருக்கும்ல, கீழ உருட்டுங்க, வந்துடறேன்" என்றார். எந்தச் சக்கரம், எதை உருட்டுவது? எனக்குத் தெரியவில்லை. தெரியாத பயத்தில் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுதக் கூசுகிறது.

கால் மணி நேரம் கழித்து வந்தார். ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. ஊசியை எடுத்தார், கையைத் தலையணையின் மேல் உயர்த்தி வைத்தார், மக்னீசியம் சல்பேட்டும் கிளிசரினும் நனைத்த துணியைச் சுற்றினார். வலது கையில் புதிதாக ஊசி ஏற்ற மூன்று முறை முயல வேண்டியிருந்தது. வயதானவர்களின் ரத்தக்குழாய் அப்படித்தான், தொட்டால் நழுவும். மூன்றாவது தடவை ஏறியதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மணி மூன்றே முக்கால். நர்ஸ் மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கொண்டுவந்து வைத்தது. மூடி திறக்கவே இல்லை.

காலையில் அம்மா ஃப்ளாஸ்க்கோடு வந்தாள். நான் நடந்ததைப் புகாராகச் சொன்னேன். அவள் பெரியம்மாவின் கையை அழுத்திப் பார்த்தாள், விரல்களை அசைக்கச் சொன்னாள். "தோல் கறுக்கல, கொப்புளம் இல்ல. ரெண்டு நாள்ல வத்திரும்" என்றாள். அப்புறம் கேட்டாள்.

"ராத்திரி எத்தனை கேஸ் இருந்துச்சு?"

"அறுபத்தேழு."

"எத்தனை சிஸ்டர்?"

"ஒருத்தர்."

"பின்ன அந்தப் பிள்ளைய ஏன் வஞ்ச?"

அன்று பகல் முழுக்க அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நைட் ட்யூட்டி 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். 67 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 11 நிமிடம்கூட வராது. அந்த 11 நிமிடத்துக்குள் பிபி, சுகர், இன்சுலின், இரவு ஊசி, அதிகாலை ஊசி, டிரிப்ஸ் மாற்றுவது, ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவது, எல்லாவற்றையும் எழுதுவது, புது அட்மிஷன் எல்லாம் முடிய வேண்டும். இந்த 67 பேரில் பத்துப் பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஓர் இரவில் ஆளுக்கு ஆறு தடவை, பத்துப் பேருக்கு அறுபது தடவை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 300 நிமிடம். ஐந்து மணி நேரம் அதற்கே போய்விடும், அதுவும் இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

"இதை யாரு செய்யிறா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பெரியம்மாவை அந்த மூன்று நாளும் திருப்பிப் படுக்கவைத்தது நான்தான். எதிர்க் கட்டிலில் மாமியாரைத் திருப்பியது மருமகள். கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது, மருந்து வாங்க ஓடுவது, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, பாட்டில் முடியப் போகிறது என்று போய்ச் சொல்வது என்று எல்லாமே கூட வந்தவர்களின் வேலை. 67 நோயாளிகளை ஒரு நர்ஸ் பார்க்கவில்லை. ஒரு நர்ஸும், சம்பளமும் பயிற்சியும் இல்லாத அறுபது உறவுக்காரர்களும் சேர்ந்து பார்க்கிறார்கள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் அந்த நர்ஸ் முகத்தில் வந்த நிம்மதி இதுதான்.

கணக்கு என்று ஒன்று இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக மேற்கொண்டு 30 சதவீதம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து வைத்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். அந்த மூன்றுக்கு ஒன்றை ஒரு நாளின் எல்லா ஷிப்டுக்கும் சேர்த்த எண்ணிக்கை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 40 கட்டில் வார்டுக்கு இரவில் நான்கு பேராவது வர வேண்டும். அதுவும் 40 பேருக்கான கணக்கு. பணியிடங்களைக் கட்டிலை எண்ணி ஒதுக்குகிறார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த 27 பேரும் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. கட்டில் நிறைந்ததும் ஆள் சேர்ப்பதை நிறுத்தும் வழக்கம் அரசு மருத்துவமனைக்குக் கிடையாது. இருக்கவும் கூடாது. வந்தவரைத் திருப்பி அனுப்பாததுதான் அதன் பெருமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெருமையின் எடை முழுவதும் இரவில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் தோளில் இறங்குகிறது.

மருத்துவமனை வாசல் டீக்கடையில் தினமும் காதில் விழுந்த பேச்சு ஒன்று உண்டு. "சனம் பெருத்துப்போச்சு, ஆஸ்பத்திரி என்ன செய்யும்?" நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அம்மாவிடம் கேட்டபோது அவள் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் சனம் பெருத்ததைக் கண்ணால் பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் எட்டு வருடம் பிரசவ வார்டில் இருந்தாள். ஒரே கட்டிலில் இரண்டு தாய்கள் தலைமாடு கால்மாடாகப் படுத்திருப்பார்களாம். குழந்தைகள் மாறிவிடக் கூடாதே என்று ராத்திரியெல்லாம் கையில் கட்டிய அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். நாலாவது, அஞ்சாவது பிரசவம் என்று வருகிறவர்கள் சர்வசாதாரணம். சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்." இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் 1951இல் சுமார் 3 கோடிப் பேர் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி. அறுபது வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வேகத்துக்கு மருத்துவமனைகள் எப்படித் திணறின என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு நாள் போதாது.

நர்ஸ்கள் விஷயத்தில் நாம் தொடங்கிய இடமே பள்ளமான இடம். இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி 1871இலேயே சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு 75 வருடம் கழித்து, 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு நாட்டின் மருத்துவ நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது மொத்தம் 7,000 நர்ஸ்கள்தான் இருந்தார்கள். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். 500 பேருக்கு ஒருவராவது வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இன்று பதிவேட்டில் 30 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் உள்ளன. அதே பதிவேட்டில் வெளிநாடு போனவர்களும், கல்யாணம் ஆகி வேலையை விட்டவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்து ரொம்ப நாளாகிறது. 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 பிள்ளை. 1991இல் 2.2. கடைசியாக நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், அதாவது 2019-21இல், 1.8. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பத் தேவையான 2.1க்கும் கீழே. பிள்ளைகளால் பெருகும் கூட்டம் நின்றுபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வார்டில் கூட்டம் குறைந்திருக்க வேண்டுமே?

அம்மா வார்டைக் கையால் சுற்றிக் காட்டினாள். "எல்லாம் யாருன்னு பாரு. அன்னைக்கு என் லேபர் வார்டுல படுத்திருந்தவங்கதான் இன்னைக்கு இங்க படுத்திருக்காங்க."

அதன்பிறகு எனக்கு வார்டே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு. காய்ச்சலோடு வந்த சின்ன வயதுக்காரர்கள் நாலாம் நாள் கிளம்பிவிடுவார்கள். வயதானவர்கள் தங்கிவிடுவார்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதுதான், இன்று 70ஐ ஒட்டி இருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் அது பதினெட்டுக்கு மேல் போகும் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. எத்தனை பேர் என்று இன்றைக்குத் துல்லியமாகச் சொல்லவும் வழியில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு என்று அறிவிக்கப்பட்டது. பதினாறு வருடப் பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வார்டு கட்டுவதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது, அது நல்ல விஷயம். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிப் படியே ஏறாமல் வீட்டுத் திண்ணையில் போய்ச் சேர்ந்தவர்கள் இப்போது வருகிறார்கள். 2008இல் 108 வந்தது. மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. கூட்டத்துக்கு நாம் உயிர் பிழைத்ததும் ஒரு காரணம்.

நோயாளி ஒருவருக்கான வேலையும் அன்றைக்கு இருந்த மாதிரி இல்லை. அம்மா சேர்ந்த புதிதில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்டார்கள். வேலை கடுமைதான், ஆனால் வந்தவர்களுக்கு ஒரு நோய்தான். பேதி, டைஃபாய்டு, நிமோனியா. தேறிப் போவார்கள், இல்லை போய்ச் சேர்வார்கள். இன்று பெரியம்மாவின் கேஸ் ஷீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் கொஞ்சம் மந்தம், அதன்மேல் நிமோனியா. சுகர் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்க வேண்டும், அதற்கேற்ப இன்சுலின். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு, நெபுலைசர், மூன்று வகை ஊசி. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். எந்த நோய்க்கு வந்தாலும் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். 1985இன் நோயாளி ஒருவரும் இன்றைய நோயாளி ஒருவரும் நர்ஸுக்கு ஒரே அளவு வேலை என்று வைத்துக் கணக்குப் போடுவது சரியே இல்லை.

நர்ஸ் எண்ணிக்கையை வசதி சார்ந்த விஷயமாக நினைக்கிறவர்கள் உண்டு. இருந்தால் நன்றாகக் கவனிப்பார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதானே என்று. 2002இல் லிண்டா ஐக்கென் என்ற நர்சிங் ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்தது. ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், அந்த மருத்துவமனையில் முப்பது நாளுக்குள் ஒரு நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நாலு பேரைப் பார்க்கும் நர்ஸ் எட்டுப் பேரைப் பார்த்தால் 31 சதவீதம். 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது. நாலா, எட்டா என்பதே அங்கே கேள்வி. கலிபோர்னியாவில் 1999இல் இதற்கென்று சட்டமே போட்டு, சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். நம் 67ஐ அந்த வரைபடத்தில் எங்கே வைப்பது? பெரியம்மாவின் வீங்கிய கை ஒரு சின்ன விஷயம். அன்று அவளுக்கு ஏறிக்கொண்டிருந்தது தசையை அரிக்கிற மருந்தாக இருந்திருந்தால்? வலிப்பு வந்த பெண்ணை விட்டுவிட்டு அந்த நர்ஸ் என்னிடம் ஓடி வந்திருந்தால்?

சரி, ஆள் இல்லையா? இருக்கிறார்கள். நர்சிங் படித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் இல்லாத தெரு எங்கள் பக்கம் இல்லை. பணியிடத்துக்குத்தான் பஞ்சம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து போராட வேண்டிவந்தது. தொகை பிறகு கூடியது, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பகுதியினர் நிரந்தரமும் ஆனார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. கைதட்டி விளக்கேற்றிய அதே நாட்டில். தனியார் மருத்துவமனைகளில் இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லி அமைக்கப்பட்ட குழு, மிகச் சிறிய மருத்துவமனையிலும் குறைந்தது 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைவிடக் குறைவாக வாங்கும் நர்ஸ்களை எனக்கே தெரியும். பிறகு அவர்கள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். போகாமல் என்ன செய்வார்கள்?

என்னிடம் திட்டு வாங்கிய நர்ஸும் ஒப்பந்தத்தில் இருப்பவர்தான். ஐந்தாம் நாள் இரவு அவருக்குத் திரும்ப எங்கள் வார்டு வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, பயத்துலதானே எல்லாரும் பேசுறாங்க" என்றார். பிறகு டிரிப்ஸ் குழாயில் அந்தச் சக்கரத்தைக் காட்டிக் கொடுத்தார். மேலே உருட்டினால் ஓடும், கீழே உருட்டினால் நிற்கும். கை வீங்கினால், எரிந்தால், ஜில்லென்று ஆனால் உடனே நிறுத்த வேண்டும். அரை நிமிடப் பாடம். அந்த அரை நிமிடம் அவருக்கு முதல் நாளே கிடைத்திருந்தால் பெரியம்மாவின் கை வீங்கியிருக்காது.

இப்போது ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு உண்மையில் பயம் வந்தது அவளைப் பார்த்துத்தான்.

ஆச்சிக்கு 78 வயது. உடம்பில் உப்புச் சத்து குறைந்து அடுப்படியில் மயங்கி விழுந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் 108இல் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மகன்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி, இன்னொருவர் மஸ்கட்டில். திருப்பூர் மகன் முதல் இரண்டு நாள் வந்து இருந்துவிட்டு, லீவு இல்லை என்று ஆச்சி கையில் இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரியாது. ஆச்சியோடு பிறந்தவர்கள் ஏழு பேராம். ஆச்சியின் அம்மா கிடையில் விழுந்தபோது பெண்மக்கள் முறை வைத்துப் பார்த்தார்களாம். ஆச்சி பெற்றது இரண்டு. சிவப்பு முக்கோணம் சொன்னதைத்தான் அவளும் கேட்டாள்.

நர்ஸ் பற்றாக்குறையை இத்தனை வருடமாக ஈடுகட்டி வந்தது நம்முடைய பெரிய குடும்பங்கள். சனம் பெருகியபோது நோயாளிகளும் பெருகினார்கள், கூட இருக்க ஆளும் பெருகியது. ஒன்று ஒன்றைத் தாங்கிக்கொண்டது. இப்போது நோயாளிகள் பெருகிக்கொண்டிருக்கிறார்கள், கூட இருக்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறார். இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். திட்டம் போடுகிறவர்கள் கட்டிலை எண்ணுகிறார்கள், டாக்டரை எண்ணுகிறார்கள், நர்ஸையும் ஓரளவு எண்ணுகிறார்கள். கூட வந்தவரை யாரும் எண்ணியதே இல்லை. அவர் இல்லாமல் போகும்போது வார்டில் விழும் ஓட்டையும் அதனால் யார் கண்ணுக்கும் படாது. ஆச்சிக்கு மட்டும் படும். சாப்பாட்டு வண்டி வரும்போது எழுந்துபோய்த் தட்டை நீட்ட ஆள் இல்லாமல் ஒரு நாள் மத்தியானம் அவள் பட்டினி கிடந்தாள். பெட்பேன் கேட்கக் கூசிக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்தாள். உப்பும் தண்ணீரும் சரியில்லை என்று சேர்க்கப்பட்டவள்! அம்மாதான் கண்டுபிடித்துத் திட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் ஃப்ளாஸ்க்கில் ஆச்சிக்கும் கஞ்சி வந்தது.

மக்கள்தொகையை வைத்து எம்.பி. இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறைப் பேச்சு வந்ததிலிருந்து, தென் மாநிலத்துக்காரர்கள் நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அரசியல் நியாயம் எப்படியோ, வார்டுக்கு அது உதவாது. இன்று பிறக்கும் குழந்தை ஸ்ட்ரெச்சர் தள்ள இருபது வருடம் ஆகும். தள்ளும் வயதில் அதுவும் திருப்பூரிலோ மஸ்கட்டிலோ இருக்கும்.

செய்ய முடிந்தவை இருக்கின்றன, கொஞ்சம் நடக்கவும் செய்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரியம்மா அதில்தான் மாத்திரை வாங்குகிறாள். அந்த மாத்திரை ஒழுங்காக வந்த மாதங்களில் அவளுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பிறகு ஊர் ஊராகப் பரவி, உள்ளாட்சிகளின் கையில் வீடு தேடிப் போகும் நர்ஸ்களாக வளர்ந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரின் புண்ணை வீட்டிலேயே சுத்தம் செய்து கட்டிவிட்டு, வீட்டில் இருப்பவருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த மாதிரி நர்ஸ்கள் நம் ஊராட்சிகளிலும் இருந்தால் வார்டில் பத்துப் பாயாவது குறையும். ஆனால் வார்டுக்குள் ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் இரண்டு நர்ஸ் நிற்பதற்கு இது எதுவும் ஈடாகாது. கட்டிலை எண்ணிப் பணியிடம் ஒதுக்குவதை விட்டு, நள்ளிரவில் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி ஒதுக்குங்கள். கூட வர ஆளில்லாதவருக்கு மருத்துவமனையே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். இதற்கு ராக்கெட் அறிவியல் எதுவும் வேண்டாம், சம்பளப் பட்டியலில் இடம் வேண்டும்.

பத்தாம் நாள் காலை பெரியம்மாவை டிஸ்சார்ஜ் செய்தார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் ஆச்சியின் கேஸ் ஷீட்டோடு வந்தார். திருப்பூர் மகனின் நம்பர் இரண்டு நாளாக எடுக்கவில்லை, உள்ளூரில் அவசரத்துக்கு ஒரு நம்பர் வேண்டும் என்றார். என்னுடையதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். "உறவு?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி, "பக்கத்துக் கட்டிலுன்னு போடு தாயி" என்றாள். நர்ஸ் அப்படியே எழுதினார்.

வீடு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அந்த நர்ஸிடமிருந்து போன் வந்தது. ஆச்சிக்குத் தலையில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கூட வர ஆளில்லாமல் காலையிலிருந்து நிற்கிறது, யாராவது வர முடியுமா என்று கேட்டார். எனக்கு ஆபீஸில் மாதக் கணக்கு முடிக்கும் நாள். அம்மாவுக்குச் சொன்னேன். நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்ட கால்களோடு, 34 வருடம் ட்யூட்டிக்குப் போன அதே பஸ்ஸில் ஏறிப் போனாள்.